இரண்டு ஓம்

எண்ணூர் விரைவுச் சாலையில்
கன்டெய்னர் லாரியின் பின்னால் முட்டிய கால் டாக்சியை
மாட்டுமந்தைப் பாலத்துக்குப் பக்கத்தில்
என் பட்டறைக்குக் கட்டி இழுத்து வந்தார்கள்.
ஸ்டியரிங் நடுவில் பால் வற்றிய மடியாகத் தொங்குகிறது பை.
சீட்டெல்லாம் வெள்ளை மாவு.
சிராய்த்த முழங்கையை ஊதிக்கொண்டே டிரைவர் செங்கேணி சொன்னான்:
"எப்ப வந்திச்சு, எப்ப போச்சு, ஒண்ணுமே தெர்லபா."

தெரியாது.
பம்பருக்குப் பின்னால் ஒரு சென்சார்,
கியருக்குக் கீழே பெட்டிக்குள் இன்னொன்று.
பள்ளமா, வேகத்தடையா, சாவா?
நொடியை நூறாய் நறுக்கினால்
அதில் ஒன்றோ இரண்டோ துண்டுக்குள்
பேசி முடித்துவிடும்.
ஒரு பொறி.
மாத்திரை மாத்திரையாய் அடைத்த மருந்து
பற்றிக் காற்றாகும்.
நீ கண் சிமிட்டி முடிப்பதற்குள்
பை விரிந்து, உன் முகத்தை வாங்கி,
முதுகிலிருக்கும் ஓட்டை வழியே
மூச்சு விட்டு அடங்கியிருக்கும்.
ஓட்டை இல்லாத பை, சுவர்.
காப்பாற்றுகிறபோதே
அது தோற்றுக்கொண்டும் இருக்க வேண்டும்.

பெல்ட் போட்டிருந்தியா?
"போலீசுக்குப் பயந்து."
எதற்குப் பயந்தால் என்ன.

சாயங்காலம் ஓனர் ஜெயசிங் வந்தார்.
புதுப் பை, பெட்டி, பெல்ட், டேஷ்போர்டு:
எழுபதாயிரம் என்றேன்.
"இன்சூரன்ஸ் முடிஞ்சு ரெண்டு மாசமாச்சு.
மேல் மூடிய ஒட்டிடு, லைட்ட மட்டும் அணைச்சுடு.
வித்துடப்போறேன்."

அந்த வேலை எனக்குத் தெரியும்.
பெட்டியின் நினைவை அழித்துவிட்டு
பை இருந்த ஒயரில்
இரண்டு ஓம் ரெசிஸ்டர் ஒன்றைச் சொருக வேண்டும்.
நெல் அளவு. விலை இரண்டு ரூபாய்.
சாவி திருப்பும்போதெல்லாம்
பெட்டி கேட்கும்: இருக்கிறாயா?
அது சொல்லும்: ஓம், ஓம்.
சிவப்பு விளக்கு ஆறு நொடி எரிந்து அணையும்.
நல்ல வண்டி.

போன ஆடியில் ஒரு வெள்ளை வண்டிக்குச் செய்தேன்.
ஐந்நூறு ரூபாய்.
வாங்கிய மீஞ்சூர்க்காரர்
நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து ஏறினார்.
அதிலிருந்து, மணலிப் பக்கம்
எந்த வெள்ளை வண்டி போனாலும்
நம்பர் பிளேட்டைப் பார்க்கிறேன்.

ஜெயசிங் டீ குடித்துக்கொண்டு நிற்கிறார்.
துறைமுகத்துக்குப் போகும் டிரெய்லர்கள்
நகராமல் உறுமுகின்றன.
கைரேகைக்குள் போன மாவு
சோப்புக்கும் போகவில்லை.
பழைய பில் புத்தகத்தைப் புரட்டி எண்ணை அடித்தேன்.
உடனே எடுத்தார்.
"சார், வண்டி எப்படி ஓடுது?"

"பிரமாதம்பா.
ஒரு லைட்டுகூட எரியறதில்ல."