மடிப்பில் விழுந்த இடம்

யாரோ ஒருவர் இந்த வரைபடத்தை
நான்காய் மடித்துப் பல வருடம் சட்டைப் பையில் சுமந்திருக்கிறார்.
மடிப்புகள் சந்திக்கும் இடத்தில் தாள் தேய்ந்து
ஐம்பது காசு அகலத்துக்கு ஓட்டை.
நகல் இயந்திரத்துக்கு ஓட்டையும் ஒரு நிறம்தான், வெள்ளை.
அடிக்கணக்கில் ஏறிவரும் உயரக்கோடுகள்
அதன் விளிம்புக்கு வந்து
பாதி வாக்கியத்தில் நின்றுவிடுகின்றன.

அங்கேதான் போகணும் என்றாள் யாழரசி.

ஆயர் ஈத்தாமில் பசியாறிவிட்டு ஏறினோம்:
நான், அவள், பல்செட் செய்து பிழைக்கும் பூன் ஹாக்.
உயரக்கோடுகளை அவன்
தாடை அச்சைப் பார்ப்பதுபோல் பார்ப்பான்,
எங்கே தேய்ந்தது, எங்கே விழுந்தது என்று.
கைப்பேசியில் எங்கள் நீலப்புள்ளி
பச்சைக்குள் ஊர்ந்தது.
பச்சையின் மேல் ஒரு சொல்கூட இல்லை.

பழைய தாளில் சொற்கள் நிறைய.
துரைமார் பங்களா ஒவ்வொன்றுக்கும் பெயர்.
பங்களாவின் குதிரை லாயத்துக்கும் பெயர்.
கூலி லயம் மட்டும்
ஆறு கறுப்புச் செவ்வகம்.
அங்கிருந்து புறப்படும் புள்ளிக்கோடு
நேராக ஓட்டைக்குள் போகிறது.

யாழரசியிடம் இன்னொரு நகலும் இருந்தது,
தோட்டத்து நிர்வாகி கம்பெனிக்கு எழுதிய கடிதம்:
'ஞாயிறு மதியம் ஆட்கள் மேலே போய்விடுகிறார்கள்.
எதற்கென்று கேட்டால் சும்மா என்கிறார்கள்.'
சும்மாவை அவன் மொழிபெயர்க்கவில்லை.
எழுத்துக்கூட்டி அப்படியே வைத்து
அடியில் இரண்டு கோடு போட்டிருந்தான்.

கோயிலாக இருக்கும் என்றேன் நான்.
கள்ளு என்றான் பூன் ஹாக்.

பிரம்பு முள் சட்டையைப் பிடித்துப் பிடித்து விசாரித்தது.
அட்டைகள் விசாரிக்கவில்லை.
ஒன்பதரைக்கு மேல்
காடு திடீரென்று ஒழுங்குக்கு வந்தது.
பத்து அடி வைத்தால் மரம்,
இன்னும் பத்து வைத்தால் மரம்.
சாதிக்காய்.
நட்டவர்கள் போய் எத்தனையோ காலம்,
இன்னும் வரிசை கலையவில்லை.
லயம் இருந்த இடத்தில் சிமெண்டு வாய்க்கால் மட்டும்.
இலைகளை ஒதுக்கினால்
தண்ணீர் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அதற்கு மேல் ஓட்டை.

ஒரு பாறை, லாரி அளவு.
சூலம் இல்லை, உடைந்த முட்டி இல்லை.
பாசியைச் சுரண்டிய பூன் ஹாக் கத்தினான்,
முக்கோணம்! அளவைக்காரன் குறி!
உச்சியிலிருந்து இறங்கும் கோடுகள்,
குறுக்கே வெட்டும் கோடுகள்.
யாழரசி அப்படியே உட்கார்ந்து சிரித்தாள்.
ஆடுபுலி ஆட்டம்.

உளி வைத்து, அவசரமில்லாமல்,
ஞாயிறு ஞாயிறாகக் கொத்தியிருக்கிறார்கள்.
நான் பாறைமேல் ஏறிச் சுற்றிலும் பார்த்தேன்.
காட்சி என்று சொல்ல ஒன்றுமில்லை.
கடல் தெரியவில்லை, டவுன் தெரியவில்லை.
தாளைத் திருப்பித் திசையைச் சரிசெய்து
மறுபடி பார்த்தேன்.
வழியெல்லாம் எந்த வளைவிலும்
தலைக்கு மேல் நின்ற அந்த பங்களா மேடு
இங்கிருந்து தெரியவில்லை.
ஒரு முகடு குறுக்கே தோள் கொடுத்து
நின்றிருந்தது.

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

பிறகு காய் பொறுக்கினோம், பதினைந்து ஆடு.
பாட்டில் மூடி மூன்றும் புலி.
புலியைப் பூன் ஹாக்கிடம் கொடுத்தோம்.
முன்பின் ஆடாதவன், பார்த்துக்கொண்டிருக்கும்போதே
ஆறு ஆட்டைத் தின்றுவிட்டான்.
மீதி ஒன்பதைக் கொண்டு
ஒரு புலியை மூலைக்குத் தள்ளிய நேரம்
பாலிக் புலாவ் பக்கமிருந்து மழைச் சத்தம்.
மூடிகளை மட்டும் எடுத்துக்கொண்டோம்.
ஆடுகள் நின்ற இடத்திலேயே நிற்கட்டும் என்றாள்.

கீழே பஸ்ஸில், தொடைமேல் தாளை விரித்தேன்.
நனைந்த நகல்
அதே மடிப்பில், அதே இடத்தில் கிழிந்திருந்தது.
ஆறு செவ்வகத்தில் ஒன்று
என் விரலோடு வந்துவிட்டது.