டோக்கன் நோட்டு

வெளிநாட்டு ஆடிட் திங்கட்கிழமை வருகிறது.
அதற்குள் கழிப்பறை நோட்டைக்
கிழித்துவிடச் சொன்னார் மேனேஜர்.
"அப்படியொரு நோட்டே நம்ம கம்பெனியில இல்ல,
புரிஞ்சுதா?"
புரிந்தது.
நான்காவது லைனின் ஏழு மாதத்தை
மடியில் வைத்துக்கொண்டு
சொல்யூஷன் டப்பாக்களுக்குப் பின்னால் உட்கார்ந்தேன்.

கிழிக்கிற கை சும்மா கிழித்தாலும்
கண் சும்மா இருக்குமா.

டோக்கன் நாற்பத்தொன்று. அஞ்சலாட்சி.
மேல்பட்டியிலிருந்து கம்பெனி பஸ்ஸில் வருகிறவள்.
தையில் ஒரு ஷிஃப்டுக்கு இரண்டு முறை.
மாசியில் மூன்று.
சித்திரையில் ஐந்து என்று எழுதி
நானே சிவப்பில் சுழித்திருக்கிறேன்.
மற்றவர்களுக்கெல்லாம் குறைந்த மாதம் அது.
குடித்த தண்ணீர் முதுகிலேயே உப்பாய்ப் பூத்துவிடும்
பேரணாம்பட்டு வெயில்.
இவள் மட்டும் ஏறிக்கொண்டே போயிருக்கிறாள்.
ஆனியில் ஏழு.
பக்கத்தில் என் கையெழுத்து:
வேலைக்கு டிமிக்கி.

"இன்னாக்கா பண்றது, வாய் காஞ்சிகினே கீது."
"தண்ணியக் கொறச்சுக் குடி" என்றேன்.
பாலாற்று மணலிடம் போய்
இதே யோசனையைச் சொல்லியிருக்கலாம்.

நோட்டில் ஏறாதவையும் உண்டு.
நூல் கோக்கப் பக்கத்து மெஷின் பெண்ணைக் கூப்பிட்டாள்,
நாற்பது வந்துவிட்டது என்று சிரித்தோம்.
மறுவாரம் கண் நன்றாகத் தெரிகிறது என்றாள்,
அப்போ போன வாரம் நடிப்பா என்றோம்.
பங்குனியில் ஆட்காட்டி விரலில் ஊசி ஏறியது;
ஆடிப் பெருக்குக்கும் அதே விரலில்
புது பிளாஸ்திரி.
ஜாக்கெட்டை இரண்டு தடவை பிடித்துத் தைத்துக்கொண்டாள்.
அன்றைக்கு எனக்குப் பொறாமை.
"எப்படிடி இளைச்ச?"
"தெரிலக்கா. வட்டில் வட்டிலாத் துன்றேன்."

ஒரு டாக்டர் கேட்கக்கூடிய எல்லாவற்றுக்கும்
நேரம் போட்டு, நிமிஷம் போட்டு
பதில் எழுதி வைத்திருக்கிறேன்,
திட்டுவதற்காக.

மற்ற பக்கங்கள் கிழிந்தன.
நாற்பத்தொன்றை மட்டும் நாலாய் மடித்து
டிபன் பைக்குள் வைத்தேன்.
நாளைக்கு லீவு எடு, நான் போட்டுக்கொள்கிறேன்.
வெறும் வயிற்றோடு குடியாத்தம் ஆஸ்பத்திரிக்குப் போ.
இந்தத் தாளைக் காட்டு.
சிவப்பு மை யாருடையது என்று கேட்டால்
என் பேரைச் சொல்.

எழுந்தபோது தாகமாக இருந்தது.
காலையிலிருந்து மூன்றாவது பாட்டில்.

சூப்பர்வைசருக்கு டோக்கன் கிடையாது.
போவதை யாரும் எழுதுவதில்லை,
அதனால் எனக்கும் தெரியாது.
ராத்திரி மூன்று மணிக்குக் குளியலறை விளக்கு எரிவதைப் பார்த்து
தஹஜ்ஜுத் தொழ எழுந்திருக்கிறேன் என்று
மாமியார் தெருவெல்லாம் பெருமை பேசுகிறார்.
நான் மறுக்கவில்லை.
வெட்கத்தில் சில நாள் தொழுதும் இருக்கிறேன்.
பின்கழுத்துக் கருப்பை
கவரிங் செயினின் வேலை என்று நினைத்து
கடலைமாவு போட்டுத் தேய்த்தேன்.
போகவில்லை. துப்பட்டா இருக்கிறது.
ஒளு செய்யும்போது
இடது பெருவிரலில் தண்ணீர் பட்டதா என்று
கொஞ்ச நாளாய்க் குனிந்து பார்த்துத்தான்
தெரிந்துகொள்கிறேன்.

அட்டைக்கு முன்னால் வெள்ளையாய் ஒரு தாள் மிச்சம்.
அதைக் கிழிக்கவில்லை.
ஷம்ஷாத், லைன் நான்கு என்று எழுதிவிட்டுக்
கடிகாரத்தைப் பார்த்தேன்.
பதினொன்று பத்து.
ஒன்று என்று போட்டேன்.
பேனாவை மூடப் போனவள்
விரல்விட்டு எண்ணி,
அதை அடித்துவிட்டு
நான்கு என்று எழுதினேன்.