ஐந்நூற்றுப் பத்து, இரண்டு முறை

கைகுனாவில் டீசல் போடும்போதே கணக்குப் போட்டுவிட்டேன்.
இன்னும் எழுபத்தொரு கிலோமீட்டர்.

நல்லர்பார் வெளியில்
நூற்று நாற்பத்தாறு கிலோமீட்டருக்கு வளைவே கிடையாது.
ஸ்டியரிங்குக்கு வேலையில்லை, தூக்கத்துக்குத்தான் வேலை.
எண்ணூறு மெத்தைகளை இழுத்துக்கொண்டு
விழித்திருக்க வேண்டியவள் நான்.
அதனால் மீட்டரில் வரும் எண்களை
வகுத்துக்கொண்டே போவேன்.
சிலது தொட்டதும் உடையும்.
சிலது பல்லிடுக்கில் சிக்கிய பாக்கு,
விடிந்தாலும் வராது.

510509.
அறுபத்தொன்றில் உடையும்.
செடுனாவில் டீ ஆறும்வரை போட்ட கணக்கு அது.

அடுத்தது வந்ததும்
இடப்பக்கச் சரளையில் ஒதுக்கி நிறுத்தினேன்.
வண்டி நின்றால் எண்ணும் நிற்கும்.

தமிழில் சொன்னால் பிடிபடாது:
ஐந்து லட்சத்துப் பத்தாயிரத்து ஐந்நூற்றுப் பத்து.
லட்சம் குறுக்கே வந்து மறைத்துவிடும்.
இந்த ஊர்க்காரர்களைப் போல மூன்று மூன்றாக வெட்டினால்
ஐந்நூற்றுப் பத்து,
ஐந்நூற்றுப் பத்து.
எந்த மூன்றிலக்க எண்ணையும் இப்படி இருமுறை எழுதுங்கள்,
ஏழும் பதினொன்றும் பதின்மூன்றும்
சொல்லாமலே வந்து உட்கார்ந்திருக்கும்.
இதில் இரண்டு, மூன்று, ஐந்து, பதினேழும் உண்டு.
முதல் ஏழு பகா எண்கள், ஆளுக்கு ஒரு இலை.
இரண்டாம் பந்திக்கு ஒருவரும் இல்லை.

வேய்னை எழுப்பினேன்.
சர்வீஸ் தேதி தாண்டிவிட்டதா என்றான்.
இல்லை, எண் அழகாக இருக்கிறது என்றேன்.
எட்டிப் பார்த்தான்.
ஆமாம் என்று சொல்லிவிட்டுப்
போர்வைக்குள் போய்விட்டான்.

பிஸ்கட் பொட்டலம் தீரும்வரை வகுத்திகளை எண்ணினேன்.
நூற்று இருபத்தெட்டு.
714-ஐ 715-ஆல் பெருக்கினாலும் இதுவே வரும்,
ஒரே சுவரில் முதுகு சாய்த்த
பக்கத்து வீட்டுக்காரர்கள்.
எஞ்சின் உறுமிக்கொண்டே இருந்தது.
மெத்தைக் கடைக்காரன் காத்திருக்க மாட்டான்.

510511.
ஏழு பேருக்கும் மீதி ஒன்று.
ஒரே கிலோமீட்டரில் பந்தி முழுக்க எழுந்து போய்விட்டது.
இனி இது பகா எண்தான் என்று முடிவுகட்டியும்
கை சும்மா இராமல்
பத்தொன்பதைப் போட்டுப் பார்த்தேன்.
சரியாகப் போனது.

சற்றுமுன் அந்த நிறைந்த எண்ணின் வாசலில்
ஒன்றே ஒன்று குறைந்து நின்றிருக்கிறது பத்தொன்பது.
நான் உள்ளே இலைகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

மிச்சம் 26869.
இருபத்து மூன்றுக்கு மீதி ஐந்து.
இருபத்தொன்பதுக்குப் பதினைந்து.
முப்பத்தொன்றுக்கு இருபத்து மூன்று.
நாற்பத்தேழில் தப்பு விட்டு மறுபடி தொடங்கினேன்.
எதிரே ஒரு ரோடு டிரெய்ன்,
வெளிச்சம், வண்டியை உலுக்கும் காற்று,
போட்டு வைத்த இலக்கங்கள் பாதி பறந்துவிட்டன.
பொறுக்கி அடுக்கி
தொண்ணூற்றேழில் உடைத்தேன்:
இருநூற்று எழுபத்தேழு.
அவர்களும் அதே வாசலில்தான்
அதே ஒன்று குறைந்து நின்றிருக்கிறார்கள்.

யாரிடமாவது சொல்லவேண்டும் போல் இருந்தது.
வேய்னின் குறட்டை.
மீட்டரில் வேறு ஏதோ எண்.

அப்போது முதல் வளைவு வந்தது.
கையில் ஸ்டியரிங் இருப்பது
அதற்குப் பிறகுதான் நினைவுக்கு வந்தது.