எட்டாவது வாரம்

பாசஞ்சர் மண்டபத்தில் நிற்பது இரண்டு நிமிடம்.
இன்றைக்குப் பார்த்து ஐஸ் தீர்ந்துவிட்டது.
ஏலக்கூடத்தில் ரொசாரி
நண்டுக்கூடைக்கு வைத்திருந்த பாளத்தில் பாதியை
உடைத்துக் கொடுத்தான்.
சளிக் குப்பிகள், மூன்று உறை,
அதற்கு மேல் பெட்டி, அதற்கு மேல் சிவப்பு எழுத்து.
அப்படியும் பக்கத்து இருக்கைக்காரர் கேட்டார்:
என்ன மீனும்மா?
இறால் என்றேன்.
பொய்யோடு ராமநாதபுரம் வரை வந்தோம்,
ஜன்னலுக்கு வெளியே
கரிமூட்டப் புகை தரையிலேயே படுத்துக் கிடந்தது.

முட்டையும் பச்சைச் சாயமும் கலந்து
சாய்த்து உறையவைத்த குழாய்களில்
அதை விதைக்கிறேன்.
ஒரே இரவில் ஊர் கட்டிவிடும் கிருமிகள் உண்டு.
இது ஒன்று இரண்டாக
ஏறக்குறைய ஒரு நாள் எடுத்துக்கொள்கிறது.
ஜீன் எந்திரம் இரண்டு மணி நேரத்தில் சொன்னது
ஒரு மருந்தைப் பற்றி மட்டும்.
மற்றவை எல்லாம் எட்டு வாரம்.
எட்டு வாரத்தில் ஒரு ஆள்
என்னவெல்லாம் ஆகிவிடலாம்.

மாதிரி எண் நூற்றுப் பதினேழு.
பெயர் இன்னாசிமுத்து, பாம்பன் தெற்குவாடி.
முதல் மாதம் சிரித்துக்கொண்டே சொன்னார்:
ஒண்ணுக்குக் கலர் சோடா மாதிரிப் போகுது டாக்டர்.
இரண்டாம் மாதம் காய்ச்சல் விட்டது, எடை நாலு கிலோ ஏறியது.
மூன்றாம் மாதம் கடலுக்குப் போனார்.
எல்லை எந்த இடம் என்று
தண்ணீரில் யாரும் எழுதிவைக்கவில்லை.
பதினோரு வாரம் யாழ்ப்பாணத்துச் சிறை.
ஆள் வந்துவிட்டார்,
படகு அக்கரையில் நிற்கிறது,
சுக்கான் பக்கத்தில் ஹார்லிக்ஸ் பாட்டிலில்
மிச்ச மாத்திரைகளோடு.

என் படிவத்தில் ஒரு கேள்வி இருக்கிறது.
சிகிச்சை தடைப்பட்ட காரணம்:
பக்க விளைவு, இடப்பெயர்வு, குடி, பிற.
'பிற'வில் டிக் போட்டேன்.
அதற்குள் ஒரு ரோந்துக் கப்பலை நிறுத்த
இடம் போதவில்லை.

எதிர்ப்பு என்றால் என்ன என்று
சார்ட்டை விரித்து நான் தொடங்கியபோது
அவர் கையமர்த்தினார்.
வலைய முழுசா இழுத்தாத்தானே டாக்டர்.
பாதில விட்டா
கண்ணில நுழையத் தெரிஞ்சதுதான் தப்பிக்கும்.
அப்புறம் முட்ட விடுறது பூராம் அதுதானே.
சார்ட்டைச் சுருட்டிக்கொண்டேன்.

ஐந்தாம் வாரம் மருந்தில்லாத குழாயில்
காய்ந்த ரொட்டித் துகள் போல நாலைந்து புள்ளி.
எதிர்பார்த்ததுதான்.
எட்டாம் வாரம்
மருந்துக் குழாய்களிலும்.
ஒன்று, இரண்டு, நாலு, ஐந்து.
இந்த வரிசையை இந்தக் கடற்கரையில்
நான் பார்த்ததே இல்லை.
உள்ளே ஏதோ துள்ளியது. மறைக்க மாட்டேன்.
சென்னைக்குப் போன் செய்தேன்.
பேராசிரியர், அருமை, என்றார்.
பிறகு இருவரும்
கொஞ்ச நேரம் பேசவில்லை.
லைன் கட்டாகிவிட்டதோ என்று
அவர்தான் முதலில் ஹலோ சொன்னார்.

தெற்குவாடியில் கச்சான் அடித்துக்கொண்டிருந்தது.
முகக்கவசத்தோடு, காற்றுக்கு முதுகு காட்டி,
யாருடைய வலையையோ கூலிக்குப் பொத்திக்கொண்டிருந்தார்.
நம்மது மொளச்சிருச்சா?
மொளச்சிருக்கு, என்றேன்.
ஒரு விநாடி, ஒரே விநாடி,
தான் ஊன்றிய ஏதோ ஒன்று பிழைத்துக்கொண்ட மாதிரி
கண்ணில் ஒரு சந்தோஷம்.
பிறகு என் முகத்தைப் பார்த்தார்.

ஆறு குழாயில் ஒன்று இன்னும் வெறும் பச்சை.
புது மருந்து ஊற்றிய குழாய்.
அதில் ஒரு புள்ளி கூட இல்லை.
அதைத்தான் நான் முதலில் சொல்லியிருக்க வேண்டும்.

எத்தன மாசம்?
ஆறு. ஒன்பதும் ஆகலாம்.
கரையிலயா?
கரையில்தான்.

ஊசியில் நைலானைக் கோர்த்துக்கொண்டே
கிழக்கே பார்த்தார்.
அந்தப் பாட்டில்ல இன்னும்
இருவத்தி ரெண்டு கெடக்கு டாக்டர்,
என்றார், எண்ணிவைத்த ஆள் போல.