ஆறு அங்குலம்

உலோகம் தேட அனுமதிச் சீட்டு,
ஆண்டுக்கு ஏழு டாலர்.
மண்வெட்டி ஆகாது, திருப்புளி போதும்.
ஆறு அங்குலத்துக்குக் கீழே
பூமி நகராட்சியுடையது.
பெயர்த்த புல்லைப் பெயர்த்த வாக்கிலேயே மூடவேண்டும்.
மரநிழல் விழும் வட்டத்துக்குள் தோண்டவே கூடாது.
ஒப்பிக்கிறேன்.
ஐலி கோர்பெலா தலையாட்டுகிறாள்.

'தேடும் பொருள்' என்ற கட்டத்தில்
போன வருடம் 'நாணயங்கள்' என்று எழுதியவள்
இந்த முறை எழுதினாள்:
'தங்கப் பல். கணவருடையது.
லாடம் எறியும் ஆட்டத்தில் தும்மினார், 1988.'
சிரிக்காமல் முத்திரை குத்த
நான் பட்ட பாடு.

மதியம் டுலூத்தின் ஏரிக்காற்றில்
சாண்ட்விச்சோடு அந்தப் பக்கம் போனேன்.
மேப்பிள் மரத்தடியில்
கருவியை அசைக்காமல் நிற்கிறாள்.
அன்று இந்த நிழல்
இவ்வளவு தூரம் வரவில்லையாம்.
'கூவுகிறதா?'
ஹெட்போனின் ஒரு காதை
என் பக்கம் திருப்பினாள்.

மெல்லிய, விடாத ஒற்றைச் சத்தம்.
சோடா மூடியாகவும் இருக்கலாம்.

அபராதப் புத்தகம் என் சட்டைப்பையில்,
திருப்புளி அவள் இடுப்பில்.
இருவரும் கொஞ்ச நேரம்
கேட்டுக்கொண்டிருந்தோம்.

'அடுத்த வருடச் சீட்டு
இப்போதே கிடைக்குமா,
தரை உறைவதற்குள்?' என்கிறாள்.