பதினேழாவது டனல்

ராணிப்பேட்டை ஆபீஸ். கரண்ட் போய் வந்து
ஏசி இன்னும் குளிரவில்லை.
மென்பொருளில் ஒவ்வொரு டனலுக்கும் ஒரு பக்கம்:
இந்த முனை, அந்த முனை, சாவி மாற்றிய தேதி, நோக்கம்.
நட்சத்திரமிட்ட கட்டம் காலியாயிருந்தால்
சேமிக்க விடாது.

ஆம்பூருக்கு ஒன்று. வாணியம்பாடிக்கு இரண்டு,
ஒன்று படுத்தால் மற்றது எழும்.
துறைமுகக் கிடங்குக்கு ஒன்று.
பதினாறு வரை மளமளவென்று எழுதிவிட்டேன்.

பதினேழு, பேரணாம்பட்டு.
அந்த யூனிட்டை மூடி மூன்று வருஷம்.
எனக்கு முன் இந்த நாற்காலியிலிருந்த தணிகைவேல்
ஒரே சொல்லை விட்டுப் போயிருக்கிறார்: தொடாதே.
பத்து வினாடிக்கு ஒருமுறை
அந்த முனை கேட்கிறது, இருக்கிறாயா
இந்த முனை சொல்கிறது, இருக்கிறேன்.

வேலூர்க் கோட்டைக்கடியில் விரிஞ்சிபுரம் வரை
சுரங்கம் உண்டென்று எங்கள் தெருவே சத்தியம் செய்யும்,
போய்வந்தவர் ஒருவருமில்லை.
இதில் யாரோ போய்வருகிறார்:
காலை 8.02. மாலை 6.10.
தலா அரை கேபி.

போன் போட்டேன்.
"வாட்ச்மேன் இத்ரீஸ் பேசறேன்மா.
கட்டைவிரல் மிஷினா? நல்லா ஓடுதே.
வெச்சாத்தானே சம்பளம்?"
பின்னால் ஒரு நாய் குரைத்தது.

நீக்கச் சொல்லி வந்த பட்டியலில்
பதினேழும் இருந்தது. மஞ்சள் பூசி.
நோக்கம் என்ற கட்டத்தில் தட்டினேன்:
ஒரு கட்டைவிரல். தினம் இருமுறை. ஞாயிறும்.

தணிகைவேலின் சொல்லை அழிக்கவில்லை.
சேமித்தபோது
மணி 6.09.