காலடிக் கணக்கு

உடையார்கட்டுப் பள்ளிக்கூடத்துக்கு
ரொறன்ரோவிலிருந்து ஓர் உருளை வந்தது.
துருப்பிடிக்காத உருக்கு. மூடியில் பொறித்திருந்தார்கள்:
திறக்கும் ஆண்டு 2075.

கிடங்கு வெட்ட என்னைக் கூப்பிட்டார் அதிபர்.
"நிலம் தெரிஞ்ச ஆள் நீங்கள்தானே பிள்ளை."
பதினொரு வருஷம் கண்ணிவெடி அகற்றியவளுக்கு
இப்படியும் ஒரு பெயர்.

கொடிமரத்துக்குக் கிழக்கே குந்தினேன்.
பழைய பழக்கம்: முதலில் கேள்,
பிறகு தொடு.
கருவி இரண்டு தரம் அழுதது.
ஒரு சோடா மூடி. ஒரு குடைக்கம்பி.
ஏதோ வித்தை என்று பிள்ளைகள் கைதட்டினார்கள்.

"வருங்காலச் சந்ததிக்கு" என்று
ஒலிவாங்கியில் ஒருவர் தொடங்க, அது கீச்சிட்டது.
நான் குனிந்துகொண்டேன்.
வருங்காலத்துக்கென்று இந்த மண்ணில்
முன்னமே நிறையப் பேர் புதைத்து வைத்தார்கள்.
அவற்றில் முகவரி இல்லை.
எவர் மிதிக்கிறாரோ அவருக்கு.
மாடு மிதித்தால் மாட்டுக்கு.
அப்படி நானூற்று ஆறை
போய்ச் சேருமுன் எடுத்திருக்கிறேன்.

நானும் புதைத்தவள்தான்.
இரண்டாயிரத்து ஒன்பது, மாசி, சுதந்திரபுரம்.
நீலப் பிளாஸ்டிக் பரல். உள்ளே
தையல் மெசின் தலை, காணி உறுதி,
உரப்பையில் சுற்றிய அல்பம்,
அரைக்கிலோ பயறு.
ஏன் பயறு என்று இன்றைக்கும் தெரியாது.
தம்பி ரூபகாந்தன்தான் நடந்து அளந்தான்:
"முருங்கையிலயிருந்து வடக்கால ஒன்பது காலடி.
மறந்திடாத."

மறக்கவில்லை.
நான்கு வருஷம் கழித்துப் போனபோது
முருங்கையின் அடிக்கட்டை இருந்தது.
வடக்கு இருந்தது.
ஒன்பதும் இருந்தது.
அந்தக் கால்தான் இல்லை.

என் காலால் ஒன்பது வைத்தேன்.
அவன் நெடுவல் என்று பத்தரை வைத்தேன்.
அவசரத்தில் நடந்தவன் என்று பதினொன்று.
ஷெல் விழுந்துகொண்டிருந்தது, குனிந்து நடந்திருப்பான் என்று
திரும்பவும் எட்டு.
மூன்று நாள் வெட்டினேன்.
பிளாஸ்டிக்கின் குரல் கருவிக்குக் கேட்காது.
இரும்புத் தலை அதற்கு எட்டாத ஆழத்தில்.
அந்தக் காணியில் இப்போது ஆரோ கச்சான் போடுகிறார்கள்.
நல்ல விளைச்சலாம்.

உருளைக்குள் போகும் கடிதங்களைப்
பார்க்கக் கூடாது என்றா ரீச்சர்.
மடிப்பு விரிந்த ஒன்றை மட்டும் பார்த்துவிட்டேன்.
"உங்கட காலத்திலயும் யானை வேலிய உடைக்குதோ?
இரணைமடு வான் பாயுதோ?
எனக்குக் கணக்கில முப்பத்தெட்டு.
உங்களுக்கு எத்தினை?"

ஒருத்தி பால்பல் போட்டாள்.
ஒருத்தன் கைநிறையக் கச்சான் கொட்டினான்.
"உக்கிப்போகும், எடு" என்றா ரீச்சர்.
கிடக்கட்டும் என்றேன்.
என் குரல் கொஞ்சம் உரத்துவிட்டது.

"அக்கா, நீங்களும் ஒண்டு எழுதுங்கோ."
பேனையை நீட்டியவன் கனிஸ்ரன், தரம் ஏழு.
எனக்கு என்ன எழுதத் தெரியும்?
வேலைத்தளத்தில் மாலைதோறும்
ஒரே மாதிரி எழுதியதைத்தான் எழுதினேன்:
"இவ்விடம் ஒரு மீற்றர் ஆழம் வரை பார்க்கப்பட்டது.
ஒன்றும் இல்லை.
கையால் தோண்டலாம்."
திகதி போட்டேன். கையெழுத்து வைத்தேன்.

மண் மூடிய பிறகு
அலுவலகத்துக்கு ஒரு படம் கேட்டார் அதிபர்.
கொடிமரத்தை நம்பாதேங்கோ என்றேன்,
மரத்தையும் நம்பாதேங்கோ, கிணத்தையும்.
சீமெந்துக் கல் நாட்டி, மீற்றரில் கீறினேன்.

அதற்குள் ஆரும் சொல்லாமலே
கொடிமரத்திலிருந்து நடந்து வந்தான் கனிஸ்ரன்.
"பதினேழு காலடி!" என்று கத்தினான்.
எல்லாப் பிள்ளைகளும் கொப்பியில் எழுதினார்கள்.
பதினேழு. பதினேழு.

"இன்னொருக்கா நட," என்றேன்.
"அதே மாதிரி. ஓடாத."
நடந்தான்.
கிறவல் புழுதியில் பதிந்த இரண்டு தடங்களுக்கு நடுவே
நாடாவைப் பிடித்தேன்.
ஐம்பத்தெட்டுச் சென்ரிமீற்றர்.

படத்தின் மூலையில்,
இடம் போதாமல், சின்ன எழுத்தில் எழுதி வைத்தேன்:
அளந்த கால் கனிஸ்ரனுடையது.
வயது பன்னிரண்டு.